தொடங்காத தவில்காரர்

அவருக்குத் தொலைபேசி எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து 'ஹலோ' வராது. மணி அடிக்கும், ரிசீவர் தூக்கப்படும், பிறகு ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். தெரியாதவர்கள் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள். தெரிந்தவன் என்பதால் நான் நாலு வரை எண்ணுவேன். பிறகு, "நான் மாஸ்ரர் கதைக்கிறன்" என்பேன். அந்த நொடியே, ஏதோ அரை மணித்தியாலமாக என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவர் போல, "ஓம் மாஸ்ரர், ஓல்டனிலை மூடுபனியோ? இஞ்சை ஏரியே தெரியேல்லை. கப்பல் ஊதுற சத்தம் மட்டும் வருது, கப்பலைக் காணேல்லை" என்று பொழிய ஆரம்பித்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவர் சுவிசில், லுசேர்ண் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மேசைவிரிப்பும் கட்டில்விரிப்பும் மலைமலையாக வந்து விழும் நிலக்கீழ் அறை. நான் ஓல்டனில் பொதி பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் இருந்தேன். ஊரில் கணித ஆசிரியன். எதைக் கண்டாலும் எண்ணுவது அப்போதே ஒட்டிக்கொண்ட வியாதி. படி ஏறினால் படியை எண்ணுவேன், ரயிலில் ஏறினால் பெட்டியை எண்ணுவேன். "நீங்கள் செத்தாலும், தூக்கிக்கொண்டு போறவை எத்தினை பேரெண்டு எண்ணிப் போட்டுத்தான் கண்ணை மூடுவியள்" என்று மனைவி சொல்லுவாள். அந்த வியாதிதான் என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டது.

தொழிற்பேட்டை ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் கோயில் இருந்தது. மேல் மாடியில் ரயர் வியாபாரம். தீபாராதனை நேரத்தில் கற்பூர வாசனையும் ரப்பர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அங்கே அவர் தவில் வாசிப்பார். கைத்தாளம் தட்ட ஆள் இல்லை. எண்ணுகிறவன் யார் என்று பார்த்து ஐயர் தாளத்தை என் கையில் தந்துவிட்டார். நாதஸ்வரத்துக்கும் ஆள் இல்லை. அதற்கு ஒரு கசெற் இருந்தது.

அந்தக் கசெற்றைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊரில் ஒரு கோயில் திருவிழாவில் யாரோ பதிந்தது. நாதஸ்வரம் வாசித்தவர் அவருடைய கூட்டாளி. இருபது வருடம் இருவரும் ஒரே மேடை, ஒரே வாகனம், ஒரே சாப்பாட்டுப் பந்தி. அதில் தவில் வாசித்ததும் இவரேதான். ஆகவே கோயிலில் கசெற் ஓடும்போது, உள்ளே இருபத்தெட்டு வயது இவர் வாசிக்க, வெளியே நாற்பது வயது இவர் அதற்குப் பதில் வாசிப்பார். ஊரில் ரசித்த சனங்களின் "ஆ... ஆ..." என்ற சத்தமும் அதிலேயே பதிந்திருந்தது. சுவிசில் எங்கள் சனங்கள் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கைதட்டலும் கசெற்றிலிருந்துதான் வரும்.

கூட்டாளி ஊதத் தொடங்கினால்தான் இவர் கை அசையும். தவில்காரர் தானே தொடங்கி வைக்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. எனக்கு அது தெரியும். அங்கேயும் கூட்டாளி திரும்பி ஒரு கண்ணைக் காட்டும்வரை இவர் கம்பைத் தூக்கமாட்டாராம். மற்றத் தவில்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். இது தவிலின் குணம் அல்ல, இவரின் குணம்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் ஒரு வாய் வைக்கும்வரை சோற்றைத் தொடமாட்டார். நானோ ஆறினால்தான் சாப்பிடுகிறவன். "இரண்டு பேரும் சோத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு இருங்கோ. நான் போய்ப் படுக்கிறன்" என்பாள் மனைவி. ஹோட்டலில் முதலாளிக்கு முதலில் வணக்கம் சொல்லமாட்டார் என்பதால் திமிர் பிடித்தவர் என்ற பெயரும் இருந்தது. முதலாளி சொல்லிவிட்டால் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிச் சொல்லுவார்.

ஒருநாள் லுசேர்ண் ஸ்டேஷன் முன்னால் பஸ் வந்து நின்றது. ஒரு சுவிஸ் மூதாட்டி கையைக் காட்டி, "பிற்ற" என்றாள், நீங்கள் முதலில் ஏறுங்கள் என்று. இவர் குனிந்து, "பிற்ற" என்றார். அவள் மறுபடி. இவர் மறுபடி. இருவருக்கும் பின்னால் நான் நின்று எண்ணினேன். ஐந்தாவது 'பிற்ற'வில் கதவு மூடிக்கொண்டது. பஸ் போய்விட்டது. அந்த அம்மா கோபிக்கவில்லை, சிரித்தாள். அடுத்த பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம் குளிரில் நின்றதில் எனக்குத்தான் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"ஏன் உங்களுக்கு முதல் அடி வைக்க இந்தப் பயம்?" என்று கேட்டேன்.

"பயம் இல்லை மாஸ்ரர். ஆரும் ஒண்டைச் சொன்னால் அதுக்கு மறுமொழி எனக்கு உடனே வரும், கையிலையும் வரும், வாயிலையும் வரும். ஒண்டும் சொல்லாட்டி உள்ளுக்கை ஒண்டும் இல்லை. வெறும் வீடு மாதிரி."

பிறகு நான் கேட்காமலே சொன்னார். அவர் நான் கேட்காமல் சொன்னவை மிகக் குறைவு. கூட்டாளி பாரிஸில் இருக்கிறார். போர் கலைத்தபோது இருவரும் வேறு வேறு பாதையால் வந்தார்கள். பாரிஸிலிருந்து கிழமைக்கு ஒருமுறை கூட்டாளிதான் தொலைபேசி எடுப்பார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் எடுத்துச் சொன்னாராம்: "எப்பவும் நான்தான் எடுக்கோணுமோடா? நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு உனக்கு ஒருநாளும் தோன்றேல்லையோ? இனி நீ எடு. நீ எடுக்கும்வரை நான் எடுக்கமாட்டன்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"நான் சொல்ல முதல் வைச்சிட்டான்."

"அதுக்குப் பிறகு நீங்கள் எடுக்கேல்லையோ?"

"நம்பர் பாடம். அழுத்திப் பாத்திருக்கிறன். அவன் 'ஹலோ' எண்டுவான். எனக்கு வாய் வராது. அவன் 'ஆர், ஆர்' எண்டு கேட்டுப்போட்டு வைச்சிடுவான்."

அடுத்த பஸ் வந்தது. நான் முதலில் ஏறினேன்.

படக்காரி வந்தது அந்தக் கோடையில். குட்டைத் தலைமயிர், மஞ்சள் மழைக்கோட்டு, லுசேர்ண்காரி. கோயில் திருவிழாவில் இவர் வாசித்ததைப் பார்த்துவிட்டு, எனக்கு ஜெர்மன் கொஞ்சம் வரும் என்பதால் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். கச்சேரி ஒன்றை நடத்தி அதையே ஆவணப்படமாக எடுக்கிறாள். ஐந்து இசைக்காரர், ஐந்து கொடிக் குழுக்கள். ஒருவருக்கு ஒரு குழு. முன்பின் அறியாதவர்கள் ஒரே மேடையில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்புத்தான் படம். அக்கோடியன்காரர் ஒருவருக்கு ஊர்வலத்தில் கொடி சுழற்றும் பெண்பிள்ளைகள். இவருக்குப் பள்ளத்தாக்குக் கிராமம் ஒன்றிலிருந்து கொடி எறிகிறவர்கள் நாலு பேர்.

கொடி எறிதல் சுவிஸ் மலையூர்களில் பெரிய வித்தை. குட்டையான பிடி, சதுரமான பட்டுக்கொடி. அதைக் கையாலே சுழற்றி, தலைக்கு மேல் வீட்டுக்கூரை உயரத்துக்கு எறிவார்கள். அது விரிந்து, திரும்பி, இறங்கும்போது பிடியில்தான் பிடிக்க வேண்டும்; துணி உடம்பில் படக்கூடாது, எறிபவர் தன் வட்டத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பிடியின் அடியில் ஈயம் வைத்திருப்பார்கள். தவறினால் யார் தலையில் விழும் என்று கேட்டேன். யார் தலையிலும் இதுவரை விழவில்லை என்றாள் படக்காரி. இதுவரை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

இவரிடம் சொன்னபோது சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. தவில்மேல் கையை வைத்துக்கொண்டு, "மாஸ்ரர், இதைப் பிரான்ஸிலும் காட்டுவினமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். சுவிஸ் தொலைக்காட்சியில் காட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலும் காட்டுவார்கள் என்றாள்.

"அப்ப செய்வம்" என்றார். வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: "அவன் பாத்தால் எடுப்பான். என்ரை முகத்தைக் கண்டால் இருக்கமாட்டான். எனக்குத் தெரியும்." பாரிஸ் கோயில் ஒன்றுக்குப் போய்வரும் எங்கள் ஐயரிடம், இந்தப் படத்தைப் பார்க்கும்படி கூட்டாளிக்குச் சொல்லிவிடச் சொன்னார். பிறர் வாயால் என்றால் அவரால் எதையும் சொல்ல முடிந்தது.

படப்பிடிப்பு மாட்டுக் கண்காட்சி மண்டபம் ஒன்றில். கொடி எறிய உயரமான கூரை வேண்டும். உள்ளே வைக்கோல் வாசனை. கூரையில் பதினெட்டு விளக்குகள்; இரண்டு எரியவில்லை. இவர் பட்டு வேட்டி, தோளில் நேரியல், நெற்றி நிறையத் திருநீறு. விரல்களில் கூடு. ஹோட்டலில் கழித்துவிட்ட மேசைவிரிப்பைக் கிழித்து, மாப்பசை தடவிச் சுற்றிக் காயவைத்துத் தானே செய்தவை; விரல் நுனிகள் கல்லாகிவிடும். மேடையில் அமர்ந்ததும், வலப்பக்கத்தில் நாதஸ்வரக்காரருக்கு வேண்டிய இடத்தை விட்டு, அங்கே துவாயில் சுற்றிக் கொண்டுவந்த கசெற் பெட்டியை வைத்தார்.

படக்காரி ஓடிவந்தாள். "இது என்ன?"

விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். "பதிவு செய்த சத்தம் எதுவும் வேண்டாம். மேடையில் இருக்கிறவர்கள் மட்டும். அதுதான் என் படம்."

நான் தமிழில் சொன்னேன். அவர் முகம் ஊத்தை நீரில் விழுந்த துணி போல் ஆனது. பெட்டியை ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். இடம் மட்டும் அங்கே இருந்தது.

நாலு கொடிக்காரர்களும் தங்கள் வட்டங்களில் நின்றார்கள். தலைவர் பால்பண்ணைக்காரர், மீசை இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு போல் வளைந்திருந்தது. படக்காரி கையைத் தூக்கினாள். கமெராக்கள் ஓடின. மண்டபம் அமைதியானது. நான் தாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இவர் காத்திருந்தார். கொடிக்காரர்களும் காத்திருந்தார்கள். மேலே ஒரு புறா சிறகடித்தது.

"நிறுத்து" என்றாள் படக்காரி. "என்ன நடக்கிறது?"

"அவையள் தொடங்கட்டும் மாஸ்ரர்" என்றார் இவர். "கொடி எழும்பட்டும். நான் பிடிச்சுக்கொள்ளுவன்."

மீசைக்காரரிடம் சொன்னேன். அவர் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "எங்கள் ஊரில் முதலில் கொம்பு ஊதும். அதைக் கேட்டுத்தான் கொடி கிளம்பும். என் தாத்தா காலத்திலும் அப்படித்தான். வெறும் காற்றில் நான் எறியமாட்டேன்" என்றார்.

அவர்களுக்கும் ஊதுகிறவர் வேண்டும். எங்களுக்கும் ஊதுகிறவர் வேண்டும். ஊதுகிறவர் மட்டும் இல்லை.

இரண்டாவது தடவையும் அதே. படக்காரியின் கழுத்து சிவந்துவிட்டது. மாலையில் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் நாலு சோடிகளோடு படத்தை முடித்துவிடுவேன் என்றாள். நான் அதை அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியது.

மீசைக்காரர் மேடையருகே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. "இவரிடம் சொல்லுங்கள், என்னிடம் ஒரு பசு இருக்கிறது. பக்கத்துப் பசுவைக் கறக்கும் சத்தம் கேட்டால்தான் அது பால் சுரக்கும். நல்ல பசு. நிறையச் சுரக்கும்."

மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். இவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "அந்தப் பக்கத்துப் பசுவை வித்துப்போட்டால் என்ன செய்யிறவர் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். மீசைக்காரர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் யோசித்தார். "முதல் நாள் கத்தும்" என்றார். "இரண்டாம் நாளும் கத்தும். பிறகு மடி கனத்து நோகும். அப்போது தானாக விடும்."

மூன்றாவது முறை. நான் ஆதிதாளத்தை மெல்லத் தட்டினேன், எட்டு எண்ணிக்கை. ஒரு சுற்று போனது. அவர் அசையவில்லை. இரண்டாவது சுற்று. படக்காரி கையை இறக்கப் போனாள். அப்போது அவர் வலப்பக்கம் திரும்பி, அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. தன்னுடையதல்லாத குரலில், கொஞ்சம் தடித்த, அதட்டுகிற குரலில், "ம்... எடடா" என்று தனக்குத்தானே சொன்னார்.

வலது விரல்கள் தோலைத் தொட்டன. முதலில் ஒரு சின்னச் சொல், ஒரே ஒரு தட்டு. பயந்த பிள்ளை கதவைத் தட்டுவது போல. பிறகு இன்னொன்று. கம்பு இடப்பக்கத்தில் விழுந்தபோது மண்டபத்துத் தகரம் முழுக்க அதிர்ந்தது. மீசைக்காரரின் கொடி எழும்பியது. சிவப்பும் மஞ்சளும் விளக்குகளுக்கு நடுவே விரிந்து, ஒரு கணம் மேலேயே நின்று, இறங்கியது. அது கைக்கு வந்த அந்தப் புள்ளியில் இவர் தவிலில் ஒரு அடி போட்டார். மீசைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்ததை இன்னும் உயரமாக எறிந்தார், சோதிப்பது போல. அதுவும் இவர் அடியில்தான் இறங்கியது. பிறகு நாலு கொடிகளும். ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கும். கொடி மேலே இருக்கும் நேரமெல்லாம் இவர் சும்மா இருப்பார். பட்டுத் துணி காற்றை உரசும் சத்தம் அப்போதுதான் கேட்கும். பிறகு மறுமொழி, மறுமொழி, மறுமொழி. என் தாளம் தவறியது. எண்ண மறந்துவிட்டேன். என் வாழ்நாளில் எண்ண மறந்த வேளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது ஒன்று.

முடிந்ததும் விரல் கூட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார். "மாஸ்ரர், ஆரும் சொல்லாமல் நான் எடுத்தனான், பாத்தனீங்களே?" என்றார். ஓம் என்றேன். "படத்திலை அது வரும். அவன் பாப்பான்."

பனிக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு பிற்பகல் படம் சுவிஸ் தொலைக்காட்சியில் வந்தது. அவரிடம் ரீவி இல்லாததால் ஓல்டனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். சலவைக்காரருக்குரிய மடிப்புக் கலையாத சேட். சோபாவின் ஓரத்தில் இருந்தார். மனைவி உளுந்து வடை சுட்டு வைத்திருந்தாள். நான் ஒன்றை எடுத்தேன், அவரும் எடுத்தார்.

மூன்றாவது சோடியாக வந்தார்கள். திரையில் முதலில் மலை தெரிந்தது. வெள்ளைப் பனி. ஒரு மனிதர் ஆளைவிட நீளமான மலைக்கொம்பை நிலத்தில் ஊன்றி நின்று ஊதினார். அந்த மனிதரை நாங்கள் கண்டதே இல்லை. நீண்ட, இழுத்த ஊதல். அது ஓயுமுன் மண்டபம் வந்தது. இவர் முகம் வந்தது, நல்ல பெரிதாக, அழகாக. கொம்பின் ஒலிக்குள்ளேயே இவர் கம்பு விழுந்தது. கொடிகள் எழும்பின. அவர் திரும்பி வெறும் இடத்தைப் பார்த்தது இல்லை. அந்தச் சின்ன முதல் சொல் இல்லை. நாங்கள் தட்டிக் காத்திருந்த இரண்டு சுற்றும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு, மலைக்காரர் ஊத, அதைக் கேட்டு ஒரு தமிழன் தவில் அடிக்கிறான். அவ்வளவுதான்.

மனைவி கைதட்டினாள். "அச்சாவாய் இருக்கு அண்ணை! உங்களுக்கு அந்தக் கொம்பும் நல்லாய்ச் சேருது."

அவர் கையில் பாதி வடை இருந்தது. அதை மெல்லக் கோப்பையில் வைத்தார்.

"அது பிறகு போட்டது" என்றார். "அந்த ஆளை எனக்குத் தெரியாது தங்கச்சி."

"அதாலை என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். "மாஸ்ரர், வாற ஞாயிறு இதைத்தான் அவன் பாப்பான். நான் இன்னொருத்தன் ஊத அடிக்கிறன் எண்டுதானே நினைப்பான். ரண்டு வருசம் எடுக்காமல் இருந்து, கடைசியிலை வேறை ஊதுறவனைப் பிடிச்சிட்டான் எண்டு."

நான் உடனே படக்காரிக்கு எடுத்தேன். பாவம், அவள் சந்தோஷத்தில் இருந்தாள். அந்த அமைதி திரையில் மிக நீளமாகத் தெரிந்தது, ஏதோ பிழை போல இருந்தது, அதனால்தான் கொம்பைச் சேர்த்தோம் என்றாள். இனி எதையும் மாற்ற முடியாது, பிரான்சுக்கும் பிரதி போய்விட்டது.

மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள். "அண்ணை, நான் படிச்ச ஆள் இல்லை. எனக்கு உங்கட தாளமும் தெரியாது. வாற ஞாயிறுக்கு முதல் நீங்கள் அந்த மனுசனோடை கதைக்கோணும். இதை வேறை ஆராலும் சொல்ல ஏலாது."

"நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோவன் மாஸ்ரர்."

"நான் அழுத்தித் தாறன். கதைக்கிறது நீங்கள்" என்றேன்.

அவர் இலக்கங்களைச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். ரிசீவரை அவர் கையில் கொடுத்து, என் காதையும் அருகே வைத்தேன். ஐந்து தரம் மணி அடித்தது. பிறகு ஒரு தடித்த குரல், முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில்: "இப்ப வீட்டிலை ஆக்கள் இல்லை. சத்தம் கேட்டாப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ." மேடையில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது வந்த அதே குரல்.

ஒரு 'பீப்'. பிறகு நாடா சுற்றும் இரைச்சல்.

அவர் வாய் திறந்தது, மூடியது. நான் மேசையில் விரலால் மெல்லத் தட்டினேன், மண்டபத்தில் தட்டிய மாதிரி. ஒரு சுற்று. மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். இரண்டாவது சுற்றின் நடுவில் அவர் பேசினார்.

"மச்சான். நான். வாற ஞாயிறு ரீவியிலை என்னைக் காட்டுவினம். அதிலை ஒருத்தன் கொம்பு ஊதுவான். அவன் அங்கை இருக்கேல்லை. பிறகு போட்டவை. நான் தனியத்தான் எடுத்தனான்." மூச்சு விட்டார். "உன்ரை இடத்திலை ஒருத்தரும் இல்லை."

வைத்துவிட்டார். நெடுநேரம் ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "நான் தொடங்கிப்போட்டன் மாஸ்ரர். இனி அவன்ரை முறை" என்றார். மிச்ச வடையைத் தானாக எடுத்துச் சாப்பிட்டார். யாரும் முதலில் தொடாத இரண்டாவது வடையையும் எடுத்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்தாள்.

அந்த ஞாயிறு போனது. அதற்கடுத்த ஞாயிறும் போனது. நான் கேட்கவில்லை, மனைவிதான் ஒருநாள் கேட்டாள். "மிசினிலை பதிஞ்சிருக்கும் தங்கச்சி. அவன் ஆறுதலாய்த்தான் எடுப்பான். ராகம் எடுக்கிறதுக்கே அவனுக்கு ஒரு மணித்தியாலம் வேணும்" என்றாராம்.

வசந்தத்தில் அவருக்குக் கூர் என்ற மலைநகரில் நல்ல வேலை ஒன்று கிடைத்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. நிலக்கீழ் அறை இல்லை, யன்னலால் மலை தெரியும். நான்தான் கடிதம் எழுதிக்கொடுத்துப் பேசி முடித்தேன். கடைசி நேரத்தில் போகவில்லை.

"ஏன்?"

"வீடு மாறினால் நம்பர் மாறுமே மாஸ்ரர். அவனிட்டை இந்த நம்பர்தான் இருக்கு."

"புது நம்பரை அந்த மிசினிலை சொல்லிவிடலாமே?"

"திருப்பித் திருப்பி நானே சொல்லக்கூடாது. ஒருக்கால்ச் சொன்னால் அவன் மறுமொழி சொல்லவேணும். அதுக்கு இடம் விடோணும்."

கணக்கில் அது சரி. அந்தக் கசெற்றும் அடுத்த திருவிழாவில் நடுவில் சிக்கி அறுந்தது. ஐயர் வேறொன்று வாங்கி வந்தார், யாரோ பெரியவர்கள் வாசித்தது. இவர் அதற்கும் வாசித்தார். சரியாகத்தான் வாசித்தார்.

எனக்கு மட்டும் ஒரு கவலை மிஞ்சியது. நான் வழமைபோல் அவருக்குத் தொலைபேசி எடுப்பேன். படம் வந்த பிறகு ஒன்று மாறியிருந்தது. முதல் மணி முடியுமுன் ரிசீவர் தூக்கப்படும். நான் நாலு வரை எண்ண வேண்டியதில்லை. ஒருநாளும் முதலில் வாய் திறக்காத மனிதர், நான் மூச்சு எடுக்குமுன், "மச்சான்?" என்பார்.

"நான் மாஸ்ரர்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது.

"நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு முறையும் அந்த மனுசனை ஏமாத்துறியள்" என்றாள் மனைவி. எடுக்காமல் விட்டேன். மூன்று கிழமை. பிறகு அதுவும் பொறுக்கவில்லை. அவருக்கு வேறு யார் எடுக்கப்போகிறார்கள்? அந்த அறையில் மணியே அடிக்காமல் இருப்பது எனக்கு இங்கே ஓல்டனில் கேட்டது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இனி ஞாயிறு பின்னேரம் சரியாக ஐந்து மணிக்கு மட்டுமே எடுப்பேன் என்று அவரிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அடித்தால் நான்தான், மற்ற நேரத்தில் அடித்தால் அது வேறு யாரோ. ஏமாற்றம் இராது. நல்ல ஏற்பாடு என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு. ஓல்டன் ஸ்டேஷன் பெரிய மணிக்கூடு யன்னலால் தெரியும். முள் ஐந்தைத் தொட்டதும் அழுத்தினேன். முதல் மணி முடியவில்லை.

"மச்சான்?" என்றார்.

"நான்தான். மாஸ்ரர்."

ஒரு எண்ணிக்கை நேரம், அதிலும் பாதிதான்.

"ஓம் ஓம்" என்றார். "நீங்களெண்டு தெரியும்."